மழை விட்டதும் நடைபாதையில் வழுக்கும் அந்தக் கரும்பச்சை எது?

கேள்வி: ஃபேரர் பார்க் பக்கம் வீவக அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் போதும், எங்கள் புளோக்குக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே புல்தரை ஓரத்திலும் சிமெண்டு நடைபாதையிலும் கரும்பச்சையாக, கொழகொழவென்று ஏதோ பரவிவிடுகிறது. வெயில் அடித்தால் கருப்புச் செதிலாகச் சுருண்டுகொள்கிறது. துப்புரவு ஊழியர்கள் பிளீச் ஊற்றித் தேய்க்கிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்துவிடுகிறது. சாக்கடைத் தண்ணீர் கசிவதால்தான் வருகிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நீர்த்தேக்கத் தண்ணீர் பச்சையாவதும் இதனால்தான் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? பேரன் வேறு அதைக் கையில் அள்ளி விளையாடிவிட்டான். பயப்பட வேண்டுமா?

— வாசகி ஒருவர், ஃபேரர் பார்க்

பதில்: அம்மா, பேரன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தொட்டதால் ஒன்றும் ஆகாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டால் போதும். வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். ஈரமாக இருக்கும்போது அதன்மேல் கால் வைத்தால் வழுக்கிவிடும். மழை நாளில் அந்த ஓரமாக நடக்காதீர்கள்.

இனி மற்றவை. ஒரே கடிதத்தில் மூன்று நல்ல கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்கா நினைப்பதைத்தான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அவர் சொல்வது சரியில்லை. உங்கள் மகன் சொல்வது பாதி சரி.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி. உறுதிசெய்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வெயில் நாளில் காய்ந்த செதில் ஒன்றைப் பெயர்த்து, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதில் போட்டு வையுங்கள். ஃபலூடாவுக்கு ஊறப்போட்ட சப்ஜா விதைபோலச் சற்று நேரத்தில் உப்பிக் கொழகொழத்துவிடும். நொறுங்கிக்கொண்டிருந்த செதில் தோல்போல் வளையும். கருப்பு விலகிக் கரும்பச்சை தெரியும். ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி உள்ளே ஊடுருவுவதையும் பார்க்கலாம். பேரன் படிக்கும் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஒரு துளியை அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூழுக்குள்ளே மணி மணியாகக் கோத்த இழைகள் நெளிந்து கிடக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு செல். அங்கங்கே ஒரு மணி மட்டும் சற்றுப் பெரிதாக, வெளிறிப்போய் இருக்கும். அந்த வெளிறிய மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பாசி என்று நாம் அழைத்தாலும் இது உண்மையில் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அறிவியல் பெயர்: செல்லுக்குள் உட்கரு இல்லாத, ஆனால் செடிகளைப்போல வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் நுண்ணுயிர். பச்சையத்தோடு ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமியும் இருப்பதால் நீலப்பச்சை என்ற பெயர் வந்தது. பூமியின் காற்றில் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்குக் காரணமே இவற்றின் மூதாதையர்தான்.

சாக்கடைக் கசிவுக்கு வருவோம். சிங்கப்பூரில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் முதலில் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, கசிவு உள்ள இடத்தில் சத்து கூடுவதால் புல்லும் களையும்தான் தழைத்து வளரும். நாஸ்டாக் இதற்கு நேர்மாறு. சத்துள்ள இடத்தில் செடிகளோடு அதனால் போட்டி போட முடியாது. புல் உயர்ந்து நிழல் விழுந்தாலே ஒடுங்கிவிடும். புல்லுக்குப் பிடிக்காத வெறும் தரை, ஆள் நடந்து நடந்து இறுகிய மண், சரளை, சிமெண்டு ஆகியவைதான் அதற்கு ஏற்ற இடங்கள். ஆகவே அது படர்ந்திருப்பதை வைத்து உங்கள் புளோக் அசுத்தமாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. துப்புரவு ஊழியர்களைக் குறை சொல்வது அநியாயம்.

சத்தே இல்லாத சிமெண்டில் ஓர் உயிர் எப்படி வளரும் என்று கேட்பீர்கள். அந்த வெளிறிய மணிதான் பதில். அதன் பெயர் ஹெட்டிரோசிஸ்ட்: காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக மாற்றும் தனிச் செல். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான்; ஆனால் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. நாஸ்டாக்கால் முடியும். மற்ற உயிர்கள் மண்ணை நம்பி வாழ்கின்றன; இது காற்றை நம்பி வாழ்கிறது. இந்திய நெல்வயல்கள் உரமில்லாத காலத்திலும் ஆண்டுதோறும் விளைந்ததற்கு இந்த வகைப் பாசிகளும் ஒரு காரணம் என்று 1939-லேயே பி.கே. டே என்ற இந்திய ஆய்வாளர் காட்டினார். நீலப்பச்சைப் பாசியை உயிர் உரமாக வயலில் இடும் வழக்கம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிதல்ல. உங்கள் நடைபாதையில் வழுக்கும் அதே குலம்தான் அங்கே நெல்லுக்குத் துணைநிற்கிறது. இந்தக் குலத்தை இனம் இனமாகப் பிரித்து எழுதிய பெரிய நூலும் ஒரு சென்னை ஆய்வாளருடையதே: சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி எழுதி 1959-ல் வெளியான ‘சயனோஃபைட்டா’. உலகெங்கும் பாசி ஆய்வாளர்கள் அதைப் புரட்டியிருக்கிறார்கள்.

நைட்ரஜன் கவலை தீர்ந்ததும் அதற்கு வேண்டியவை மூன்றே: ஈரம், வெளிச்சம், கொஞ்சம் பாஸ்பரஸ். முதல் இரண்டும் சிங்கப்பூரில் தாராளம். 1991 முதல் 2020 வரையிலான கணக்குப்படி ஆண்டுச் சராசரி மழை 2,113 மில்லிமீட்டர். சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை. குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். மற்ற நாடுகளில் கோடையில் மட்டும் தலைகாட்டுவது இங்கே எந்த மாதத்திலும் வரும்.

மழை நின்று வெயில் சுட்டால் அது செத்துப்போகிறது என்று நினைக்க வேண்டாம், உறங்குகிறது. கூழ் உலர்ந்து செதிலாகிறது, உள்ளே செல்கள் உயிரோடு அடங்கிக் கிடக்கின்றன. உலர்த்திப் பாதுகாத்து வைத்த நாஸ்டாக் நூறாண்டுக்கு மேல் கழித்து நனைத்ததும் மறுபடி வளர்ந்ததாக ஆய்வுப் பதிவே உண்டு. காய்ந்ததும் கருப்பாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்கைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமி அதன் உறையில் இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுத்து உள்ளே இருக்கும் செல்களைக் காக்கிறது.

பிளீச் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். மேலே உள்ளது சாகிறது. சிமெண்டின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்ட இழைகள் தப்பிவிடுகின்றன. ஈரமும் வெளிச்சமும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. களைக்கொல்லி அடிப்பது இதைவிட மோசம். பரவலாகப் புழங்கும் கிளைபோசேட் களைக்கொல்லி புல்லைக் கொன்று நாஸ்டாக்குக்கு இடம் காலிசெய்து கொடுக்கிறது. நாஸ்டாக்கோ அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த மருந்தின் மூலக்கூறிலேயே பாஸ்பரஸ் இருப்பது இன்னொரு வசதி.

இதன் நெருங்கிய உறவினர் ஒருவரைச் சீனப் புத்தாண்டு விருந்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கருப்பு முடிக்கற்றைபோல் தட்டில் வைக்கும் ‘ஃபாட் சோய்’ நாஸ்டாக் இனம்தான். வட சீனாவின் வறண்ட புல்வெளிகளில் அது வளர்கிறது. வாரி வாரி எடுத்து நிலம் பாலையாவதால் 2000-ல் சீன அரசு அதைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. உறவினரைச் சாப்பிடுகிறார்களே என்று நடைபாதையில் வளர்வதைச் சமைத்துவிடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு சுரக்கும். எது சுரக்கும், எது சுரக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்காவில் பழைய கடைவீடுகளின் பின்சுவரிலும் குளிர்சாதனத் தண்ணீர் சொட்டும் இடங்களிலும் கருங்கோடுகள் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதியைத் தூசி என்று நினைக்கிறோம். நீலப்பச்சைப் பாசிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் சுவரிலும் மரத்தண்டிலும் ஆரஞ்சு நிறத்தில் படர்வது வேறு. அது டிரென்டிபோலியா என்ற பச்சைப் பாசி. கேரட்டுக்கு நிறம் தரும் வகை நிறமி மிகுந்திருப்பதால் பச்சை மறைந்துவிடுகிறது. சிங்கப்பூர்க் கட்டடங்களின் பாசிகளைப் பற்றித் தாவரவியலாளர் வீ யோ சின்னும் லீயும் 1980-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வெள்ளையடித்த சுவர் இங்கே வெள்ளையாகவே நிற்காதது பழைய வழக்கு.

இப்போது உங்கள் மகன் சொன்னது. நீர்த்தேக்கத்தைப் பச்சையாக்குவதும் நீலப்பச்சைப் பாசிதான். ஆனால் நாஸ்டாக் அல்ல, பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற மிதக்கும் இனங்கள். இவற்றின் செல்லுக்குள் வாயு நிரம்பிய மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றின் துணையால் பாசி மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடிக்கும்; உணவு சேர்ந்து கனம் கூடினால் கீழே இறங்கிச் சத்தை எடுக்கும். காற்றடிக்காத காலை வேளையில் தண்ணீரின் மேல் பச்சை ஆடை படர்ந்து நிற்பது இதனால்தான். பகலில் காற்று எழுந்து நீர் கலங்கினால் அதே ஆடை கலைந்து மறைந்துவிடும். காலையில் பார்த்தவரும் மாலையில் பார்த்தவரும் ஒரே நாளில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

இங்கேயும் வெயில்தான் குற்றவாளி என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. வெப்பம் உதவுவது உண்மை; தண்ணீர் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த இனங்களுக்குக் கொண்டாட்டம், நம் நீர்த்தேக்கங்கள் ஆண்டு முழுவதும் அதைத் தாண்டித்தான் இருக்கின்றன. ஆனால் எல்லா நீர்த்தேக்கமும் ஒரே வெயிலில்தான் காய்கின்றன. எல்லாமும் ஒரேபோல் பச்சையாவதில்லையே. காட்டுக்கு நடுவே இருக்கும் மெக்ரிட்சியையும் வடமேற்கில் இருக்கும் கிராஞ்சியையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். மெக்ரிட்சிக்கு வரும் மழைநீர் மரங்களுக்கிடையே வடிந்து வருகிறது. கிராஞ்சி, ஆற்று முகத்துவாரத்தை அடைத்து 1975-ல் உருவாக்கியது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பண்ணைகள் இருந்தன, இன்றும் சில இருக்கின்றன. அங்கே மைக்ரோசிஸ்டிஸ் எப்போது பெருகுகிறது, எப்போது நஞ்சு சுரக்கிறது என்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2011-ல் எழுதியிருக்கிறார்கள்.

வேறுபாட்டை உண்டாக்குவது பாஸ்பரஸ். இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சோதனை கனடாவில் நடந்தது. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய ஏரியை நடுவே திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார். முதல் பாதி தெளிவாகவே இருந்தது. பாஸ்பரஸ் விழுந்த பாதி நீலப்பச்சைப் பாசியால் மூடிப்போனது. அந்த ஏரியை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்த அரசியல்வாதிகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு அது வலுவூட்டியது.

பாஸ்பரஸில் இன்னொரு தொல்லை, அது போய்விடுவதில்லை. ஏரியின் அடிச்சேற்றில் படிந்து கிடக்கும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சேறு அதை மறுபடியும் தண்ணீரில் விடும். ஒரு காலத்தில் வந்து சேர்ந்த சத்து பல ஆண்டு கழித்தும் பாசியை வளர்க்கும். தண்ணீரைக் கலக்கிக் காற்று செலுத்தும் கருவிகளை நீர்த்தேக்கங்களில் பொருத்துவதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் வீட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூரின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சிராங்கூன் சாலை, பஃபலோ சாலை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் பெய்யும் மழை சந்து வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாயில் சேர்ந்து, மரினா நீர்த்தேக்கத்தில் போய் நிற்கிறது. 2008-ல் மரினா அணை திறக்கும்வரை அந்தத் தண்ணீர் கடலுக்குப் போனது. இப்போது அது குடிநீர். மரினாவின் நீர்ப்பிடிப்பு மட்டும் 10,000 ஹெக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு. அதில் மிகுதியும் கடைத்தெருவும் குடியிருப்பும் சாலையும். காட்டு மண் வடிகட்டித் தரும் வாய்ப்பு அதற்குக் கிடையாது. கறிவேப்பிலைத் தொட்டிக்கு அளவுக்கு மேல் போட்ட உரம், நடைபாதையில் சிந்திய சாப்பாடு, வடிகாலில் தள்ளிவிட்ட சருகு, நாய்க் கழிவு என எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. இவை அனைத்தும் அடுத்த மழையில் கால்வாய்க்குப் போகின்றன.

குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த மிதக்கும் பாசிகள் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. முறையான சுத்திகரிப்பில் பாசிச் செல்லை உடைக்காமல் முழுசாக வடித்தெடுப்பதும் எஞ்சியதைக் கார்பன், ஓசோன் கொண்டு நீக்குவதும் தெரிந்த வழிகள். ஆனாலும் இது கற்பனை ஆபத்து அல்ல. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்நீர் வரை வந்துவிட, நான்கு இலட்சம் பேருக்கு மேல் இரண்டு மூன்று நாள் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தார்கள். தண்ணீரைக் காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது. நீர் வற்றச் செறிவு கூடும் என்பதால் காய்ச்ச வேண்டாம் என்றே அறிவித்தார்கள். நோய்க்கிருமிக்குச் சரியான பழக்கம் இங்கே எதிராகப் போகிறது. இதை ஊருக்குப் போகும்போது குளத்து நீரைப் புழங்கும் உறவினர்களுக்குச் சொல்லி வையுங்கள்: பச்சை ஆடை படர்ந்த நீரை மாட்டுக்கும் காட்ட வேண்டாம்.

மண்வாசனைக்கும் இந்தப் பாசிகளுக்கும் உறவுண்டு. முதல் மழையில் எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் சில நீலப்பச்சைப் பாசிகளும் சுரக்கின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே, அதாவது ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே, பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். குழாய் நீரில் அந்த வாசனை வந்தால் மக்கள் முகம் சுளிப்பார்கள். ஜியோஸ்மின் தானே நஞ்சல்ல.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நடைபாதைப் பாசியை மழையில் தேய்க்க வேண்டாம். வெயிலில் செதிலாகச் சுருண்டபின் தட்டையான கரண்டியால் சுரண்டினால் எளிதாகப் பெயரும். அதை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். வடிகாலில் பெருக்கித் தள்ளக் கூடாது. பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குளிர்சாதனக் குழாய் எங்கே சொட்டுகிறது என்று மழை விட்டதும் நின்று பாருங்கள். அந்த இடத்தைப் படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புங்கள். இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, அதில் புல்லோ தரைபடரும் செடியோ நன்றாகப் பிடித்துக்கொண்டால் நாஸ்டாக் பெரும்பாலும் விலகிவிடும். பிளீச்சையும் களைக்கொல்லியையும் நிறுத்தச் சொல்லுங்கள், செலவும் மிச்சம். நடைபாதையின் சரிவைத் திருத்துவது வீவகவும் நகர மன்றமும் செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கொஞ்சம் நாளாகும், விடாமல் கேளுங்கள்.

உங்கள் மகன் நீர்த்தேக்கப் பக்கம் காலையில் ஓடப் போகிறவராக இருந்தால் அவருக்கும் ஒரு வேலை. தண்ணீரின் மேல் பச்சை ஆடை கண்டால் நேரத்தையும் இடத்தையும் குறித்துப் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிவிக்கட்டும். மாலை வரை காத்திருந்தால் காற்று அதைக் கலைத்துவிட்டிருக்கும்.